ஆண்டுக் கடைசியில் எதைக் கையில் எடுப்பது: இலக்குப் பட்டியலா, வெற்றுத்தாளா, காலண்டரா?

டிசம்பர் கடைசி வாரத்தில் அரை நாள் ஓய்வு கிடைத்தால் போன ஆண்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஜனவரியில் எழுதிய இலக்குகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவதா? வெற்றுத்தாளில் மனதில் வருவதை எழுதுவதா? யாரோ தயாரித்த கேள்வித்தாளை நிரப்புவதா? நெருங்கிய ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதா? இல்லை, காலண்டரையும் போட்டோக்களையும் ஜனவரியிலிருந்து வரிசையாகப் புரட்டுவதா?

எல்லாமே நல்ல வழிதான், பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு வழியும் ஒன்றைக் காட்டும், வேறொன்றை மறைக்கும். எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து வருகிற முடிவே மாறிவிடும். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இலக்குப் பட்டியலைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். பெரும்பாலோர் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். திறந்த பத்து நிமிடத்தில் மனம் சோர்ந்துபோகும், அல்லது திருப்தியில் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

பட்டியலை வைத்துப் பார்ப்பது

முதலில் பட்டியலின் பலத்தைச் சொல்ல வேண்டும். இலக்கு வைப்பது வீண் வேலை அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸும் அவருடைய குழுவினரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்கள் ஒரு பிரிவு. மாற வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் தீர்மானம் எடுக்காதவர்கள் இன்னொரு பிரிவு. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது முதல் பிரிவில் 46 சதவீதம் பேர் விடாமல் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 4 சதவீதம்தான். தீர்மானமெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் என்ற பேச்சு பலருடைய முயற்சியைத் தொடங்கும் முன்பே கெடுத்துவிடுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை.

பட்டியலில் வேலையும் குறைவு. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எண்ணில் எழுதிய இலக்கு என்றால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் இடம் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஜனவரியில் பட்டியலை எழுதியவருக்கு அந்த ஆண்டில் என்ன வரப்போகிறது என்று தெரியாது. மார்ச்சில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், அதற்கப்புறம் பல மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அவர் பட்டியலைத் திறந்தால் என்ன தெரியும்? புது மொழி கற்பது, இல்லை. எடை குறைப்பது, இல்லை. சேமிப்பு, பாதி. அம்மா தேறி எழுந்து நடமாடுவது அந்தப் பட்டியலில் எந்த வரியிலும் இருக்காது. அவர் அந்த ஆண்டு செய்த மிகப் பெரிய வேலை அதுதான். பட்டியலோ அவரைத் தோற்றவர் என்று சொல்லும்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. மானுடவியலாளர் மேரிலின் ஸ்ட்ராத்தர்ன் 1997இல் ஒரு கருத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: ஓர் அளவீடே இலக்காக மாறிவிட்டால் அதற்கப்புறம் அது நல்ல அளவீடாக இருப்பதில்லை. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கையைப் பற்றி 1975இல் சொன்னதிலிருந்து வளர்ந்த கருத்து இது. ஆனால் தனிமனித வாழ்க்கைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆண்டுக்கு 24 புத்தகம் என்று இலக்கு வைத்தவர் அக்டோபரிலிருந்து மெல்லிய புத்தகங்களாகத் தேட ஆரம்பிப்பார். டிசம்பரில் டிக் விழும். அந்த 24இல் மனதில் தங்கியது எத்தனை என்று டிக் சொல்லாது.

இலக்கை எப்படி எழுதினோம் என்பதும் கணக்கை மாற்றும். ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஓர் ஆண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. ஒன்றைப் புதிதாகச் செய்யப் போகிறேன் என்று தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வெற்றி என்று சொன்னார்கள். ஒன்றை விட்டுவிடப் போகிறேன் என்று தீர்மானித்தவர்களில் 47 சதவீதம். அதனால் பட்டியலில் தோற்ற வரிகளைப் பார்க்கும்போது, அது ஆளின் குறையா அல்லது எழுதிய விதத்தின் குறையா என்று கேட்பது நியாயம். 'இனிப்பை விட வேண்டும்' என்ற வரி தோற்றிருக்கலாம். 'மாலை பசிக்குப் பழம் சாப்பிட வேண்டும்' என்று எழுதியிருந்தால் நின்றிருக்கவும் கூடும்.

பட்டியல் முறை உண்மையாகவே உதவ வேண்டுமானால் அது ஆண்டுக்கு ஒரு முறை திறக்கும் பட்டியலாக இருக்கக் கூடாது. பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் 13 நற்குணங்களைத் தேர்ந்தெடுத்தார். சின்ன நோட்டில் வாரத்தின் ஏழு நாட்களுக்குக் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் கூடுதல் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும், ஆண்டுக்கு நான்கு சுற்று. பொருளையும் நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்வது என்ற குணம்தான் அவரை அதிகம் படுத்தியது. அதில் கடைசி வரைக்கும் தேறவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய நோட்டில் எந்தக் குணத்தில், எந்த நாளில் புள்ளி கூடுகிறது என்று தெரியும். அதிலிருந்து ஏதாவது கற்க முடியும். ஆண்டுக் கடைசியில் போடும் ஒற்றை டிக்கில் அந்த விவரம் கிடையாது. இல்லை என்ற விடை மட்டும் இருக்கும், ஏன் என்பது இருக்காது.

வெற்றுத்தாள்

பட்டியல் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். அமைதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து, இந்த ஆண்டு எப்படிப் போனது என்று நினைவிலிருந்து எழுதுவது. மனதுக்கு இதமான வழி. ஆனால் ஆண்டை மதிப்பிட இதை மட்டும் நம்பக் கூடாது. காரணம், நம் நினைவு நடந்ததை அப்படியே பதிந்து வைப்பதில்லை.

1993இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் செய்த ஒரு பரிசோதனை இது. கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீரின் வெப்பநிலை மெல்ல ஒரு டிகிரி கூடும். மறுபடி எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் நினைவில் அதுவே நல்லதாகத் தங்கிவிட்டது. உச்சமும் முடிவும்தான் நினைவில் பலமாக நிற்கின்றன. கையை நீரில் வைத்த பரிசோதனைக்கும் ஓர் ஆண்டு வாழ்க்கைக்கும் தூரம் அதிகம் என்பது சரி. ஆனாலும் டிசம்பரில் ஒரு சண்டையோ ஒரு பதவி உயர்வோ நடந்திருந்தால் மொத்த ஆண்டும் அதன் நிறத்தில் தெரிவதைக் கொஞ்சம் கவனித்தால் யாரும் உணரலாம். பிப்ரவரி முதல் ஜூன் வரை என்ன செய்தோம் என்று யோசித்தால் பலருக்கு நாலைந்து விஷயத்துக்கு மேல் வராது.

நினைவு இன்னொரு விதமாகவும் நம்மை ஏமாற்றும். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போகும் முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கும், எவ்வளவு வாய்ப்பு என்று உளவியல் ஆய்வாளர்கள் பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். பிற்பாடு, அன்று நீங்கள் என்ன கணித்தீர்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு அன்றைக்கே அதிக வாய்ப்புக் கொடுத்ததாக அந்த மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த எண் வேறு. 'அந்த வேலைக்குப் போனது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும்' என்று டிசம்பரில் எழுதும்போது இதுதான் நடக்கிறது. அப்போது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டோம். 'எனக்குத் தெரியும், ஆனாலும் செய்தேன்' என்று நம்பினால் வரும் பாடம் மன உறுதி வேண்டும் என்பது. 'எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொண்டால் வரும் பாடம் சேருவதற்கு முன் யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது. இரண்டாவதுதான் அடுத்த முறை உதவும்.

முன்னேற்றத்தையும் நினைவு கற்பித்துத் தரும். மைக்கேல் கான்வேயும் மைக்கேல் ராஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கும் திறனை வளர்க்கும் ஒரு பயிற்சியில் சேர்ந்த மாணவர்கள், பயிற்சிக்கு முன் தாங்கள் எப்படி இருந்தோம் என்பதை உண்மையில் எழுதிக் கொடுத்ததைவிட மோசமாக நினைவுகூர்ந்தார்கள். மதிப்பெண்ணில் ஏற்றம் இல்லை. பழைய தன்னைத் தாழ்த்தி, இன்றைய தன்னை உயர்த்திக்கொண்டார்கள். பணமும் உழைப்பும் போட்ட எதற்கும் இது நடக்கும். ஆறு மாதம் கட்டணம் கட்டிய வகுப்பு பயனற்றது என்று ஒப்புக்கொள்வது எளிதல்ல.

இவ்வளவு சொன்னாலும் வெற்றுத்தாளுக்கு ஓர் இடம் உண்டு. ஆண்டு கனமாகப் போனவர்களுக்கு அது வேண்டும். ஒரு மரணம், ஒரு பிரிவு, வேலை இழப்பு, யாரிடமும் சொல்லாத ஒரு காயம். இப்படி ஏதாவது நடந்திருந்தால் டிக் போடுவதும் கேள்விக்கு விடை எழுதுவதும் அபத்தமாகத் தோன்றும். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதைப் புண்படுத்திய நிகழ்ச்சியை, நடந்ததும் உணர்ந்ததும் சேர்த்து, நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாள் எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைவாக இருந்தது. எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் இன்னும் கனத்திருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் இதைச் செய்பவர்கள் எழுதிய கையோடு புத்தாண்டு இலக்கு வைக்க உட்காரக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சில நாள் விட வேண்டும். காயம் மிகவும் புதிது என்றால் எழுதாமல் இருப்பதும் சரியான முடிவுதான்.

காலண்டரும் போட்டோவும் வங்கிக் கணக்கும்

நான் மிகவும் நம்பும் வழி இது. இதில்தான் அதிக நேரமும் போகும்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து போனில் உள்ள காலண்டர், போட்டோக்கள், வங்கி ஸ்டேட்மெண்ட் மூன்றையும் மாதம் மாதமாகப் பார்ப்பது. டைரி எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும். மாதத்துக்கு நாலைந்து வரி குறிப்பு, அதற்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, யாரோடு இருந்தேன், பணம் எதற்குப் போனது, எது என் சக்தியைக் குடித்தது, எது கொடுத்தது. இந்தக் கட்டத்தில் நல்லது கெட்டது என்ற தீர்ப்பு எழுதக் கூடாது. இது கொஞ்சம் கடினம், பழக வேண்டும். 'மே: மூன்று வாரம் தொடர்ந்து இரவு வேலை, ஞாயிறுகளிலும்' என்பது குறிப்பு. 'மே: என்னை நானே கெடுத்துக்கொண்டேன்' என்பது தீர்ப்பு.

நினைவு தராத பல விஷயங்களை இந்த வழி தரும். வருடம் முழுக்க யாரையும் பார்க்கவே இல்லை என்று நினைத்தவர், ஏப்ரலில் பழைய நண்பர் தேடி வந்து ஒரு முழு நாள் கூட இருந்ததைப் போட்டோவில் பார்ப்பார். குடும்பத்துக்காகத்தான் இவ்வளவு வேலை என்று நம்புகிறவர், வீட்டார் பெயர் காலண்டரில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். வங்கிக் கணக்கைப் பார்ப்பது இன்னும் உறைக்கும். நாம் எதை முக்கியம் என்று சொல்கிறோம், பணம் உண்மையில் எதன் பின்னால் போகிறது என்ற இரண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் தெரியும். மாதாமாதம் தானாகக் கழியும், பயன்படுத்தாத சந்தா ஒன்றாவது அநேகமாக மாட்டும். அதை நிறுத்தினாலே அந்த அரை நாளுக்குப் பலன் உண்டு.

இதைவிடப் பெரிய பலன் வேறு: எது எதற்கு முன்னால் வந்தது என்பது தெரியும். ஜூலையில் உடற்பயிற்சி நின்றது என்று பட்டியல் சொல்லும். ஜூன் கடைசியில் வேலை மாறியது, அதிலிருந்து போய் வரும் நேரம் கூடியது, அதற்கப்புறம்தான் பயிற்சி நின்றது என்று காலண்டர் சொல்லும். சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, நேரம் இடம் மாறியதால் வந்த விளைவு என்று புரிந்துபோகும். சோம்பல் என்று நம்பியவர் அடுத்த ஆண்டும் தன்னைத் திட்டிக்கொள்வார். நேரம் மாறியதைப் பார்த்தவர் பயிற்சியைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றுவார்.

குறைகளும் உண்டு. போட்டோக்கள் சிரிக்கும் நாட்களையே அதிகம் பதியும். யாரும் தூக்கம் வராத இரவைப் படம் எடுப்பதில்லை. காலண்டரில் சந்திப்புகள் இருக்கும், அவற்றுக்கு முன் இருந்த பயம் இருக்காது. ஒரு குழந்தையின் பேச்சு மாதம் மாதமாகத் தெளிவதும், ஒரு கோபம் மெதுவாக அடங்குவதும் எந்தத் தேதியிலும் விழாது. வீட்டில் இருந்தபடி பிறரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் குறை பெரிது, அவர்கள் வேலையின் பெரும்பகுதி எங்கும் பதிவாவதே இல்லை. அவர்கள் காலண்டரை நம்பாமல் அடுத்து வரும் இரண்டு வழிகளில் ஒன்றை எடுப்பது நல்லது.

கேள்வித்தாள்கள்

ஆண்டு இறுதிக்கென்று நூறு கேள்வி, ஐம்பது கேள்வி என்று தொகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன. நீளமானவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முப்பதாவது கேள்விக்கு மேல் எழுதும் விடைகள் கேள்வியை முடிப்பதற்காக எழுதுபவை. சில கேள்விகளே போதும். அந்த வகையில் இரண்டு முறைகளை ஒப்பிடலாம், ஏனென்றால் அவை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் பார்க்கின்றன.

முதலாவது அமெரிக்க ராணுவத்தின் பயிற்சி மையங்களில் 1980களில் வேரூன்றியது. ஒரு போர்ப்பயிற்சி முடிந்ததும் பதவி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் உட்கார்ந்து கேட்கும் கேள்விகள்: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அந்த வித்தியாசம்? அடுத்த முறை எதை அப்படியே தொடர்வது, எதை மாற்றுவது? யார் மேல் தப்பு என்ற கேள்வி அதில் இல்லை. வேலை மாற்றம், தொழில் தொடக்கம், தேர்வு, வீடு மாறுதல் போன்று தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள விஷயங்களுக்கு இது மிகப் பொருத்தம். ஓர் ஆண்டு முழுவதையும் இதில் போட்டால் சரியாக வராது. ஆண்டில் நடந்த ஒரே ஒரு முயற்சியை எடுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது ஜப்பானில் யோஷிமோட்டோ இஷின் உருவாக்கிய நைக்கான் முறை. ஒருவரை நினைத்துக்கொண்டு மூன்று கேள்விகள்: அவரிடமிருந்து நான் என்ன பெற்றேன்? அவருக்கு நான் என்ன கொடுத்தேன்? அவருக்கு நான் என்ன தொல்லை தந்தேன்? அவர் எனக்கு என்ன தொல்லை தந்தார் என்ற நான்காவது கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டது. அதற்கான விடை எல்லோரிடமும் தயாராக இருக்கிறது.

இரண்டில் எது? இந்த ஆண்டு உங்களுக்கு வேலையும் முயற்சிகளும் முன்னால் நிற்கின்றன என்றால் முதலாவது. உறவுகள் முன்னால் நின்றால் இரண்டாவது. இலக்கு எதையும் அடையவில்லை என்று வருந்துகிறவர்கள் நைக்கான் கேள்விகளோடு அரை மணி உட்கார்ந்தால், தாம் தனியாக ஓட்டியதாக நினைத்த ஆண்டை எத்தனை பேர் தாங்கிப் பிடித்தார்கள் என்பது தெரியவரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. உங்களைத் துன்புறுத்திய ஒருவரை வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே எல்லாத் தப்பும் தன்னுடையது என்று நினைக்கும் சுபாவம் உள்ளவர்களும் மூன்றாவது கேள்வியில் அதிக நேரம் நிற்கக் கூடாது. அவர்களுக்கு ராணுவக் கேள்விகளே பாதுகாப்பு, ஏனென்றால் அவை ஆளை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்கின்றன.

இன்னொருவரோடு பேசுவது

ஒருவர் பேச, இன்னொருவர் குறுக்கிடாமல் கேட்பது. பிறகு மாறிக்கொள்வது. அறிவுரை சொல்லாத ஒருவர் கிடைத்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. கிடைப்பதுதான் கஷ்டம். வாழ்க்கைத்துணை எப்போதும் சரியான ஆள் என்று சொல்ல முடியாது, உங்கள் ஆண்டின் பாதிப் பிரச்சினையில் அவரும் இருப்பார்.

நினைவு விட்டுப்போனதைப் பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுப்பார் என்பது இதில் கிடைக்கும் தனிப் பலன். 'ஆகஸ்டில் நீ அந்தப் பொறுப்பை மறுத்தாயே, முன்பெல்லாம் மறுக்கவே மாட்டாய்' என்று ஒருவர் சொல்லும்போது, எந்தப் பதிவிலும் விழாத ஒரு மாற்றம் கண்ணில் படும். ஆள் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளில், மனதைக் கலக்கும் விஷயத்தை 'நான்' என்று யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லி, வெளியாளைப் போல் யோசித்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. 'நான் ஏன் அப்படிப் பேசினேன்' என்று எழுதுவதற்குப் பதில் உங்கள் பெயரைப் போட்டு 'இவர் ஏன் அப்படிப் பேசினார்' என்று எழுதிப் பாருங்கள். இரண்டு வரி எழுதியதும் குரல் மாறும். நண்பருக்குக் காட்டும் நியாயத்தைக் கொஞ்சம் தனக்கும் காட்டத் தோன்றும்.

டிசம்பரில்தான் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம், பிறந்தநாளுக்குப் பிந்தைய நாட்கள் என்று எந்தப் புதுத் தொடக்கத்திலும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது போன்ற முயற்சிகள் கூடியதைக் காட்டினார்கள். அப்படியானால் பிறந்தநாளும் நல்ல நாள்தான். டிசம்பரில் வேலை நெரிக்கும் தொழிலில் இருப்பவர்கள் தயங்காமல் வேறு மாதத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

பண்டைய ரோமின் தத்துவ அறிஞர் ஸெனெகா ஒவ்வோர் இரவும் இதைச் செய்தார். விளக்கை எடுத்துப் போன பிறகு, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்று சொன்னதையும் செய்ததையும் முழுதாகத் திரும்பிப் பார்ப்பார். எதையும் ஒளிக்க மாட்டார். இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். தினமும் செய்வது பெரும்பாலோருக்கு நிலைக்காது. பிராங்க்ளினே தன் சுற்றை ஆண்டுக்கு ஒன்றாக்கி, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒன்றாக்கி, கடைசியில் விட்டுவிட்டார். மாதத்துக்கு ஒரு முறை, மாதக் கடைசி ஞாயிறு கால் மணி நேரம் என்பது நடுவான வழி. அப்படிப் பன்னிரண்டு குறிப்பு சேர்ந்துவிட்டால் டிசம்பரில் காலண்டரைத் தோண்டும் வேலையே இருக்காது. இரவு விழித்திருந்தது, பயந்தது, கோபம் தணிந்தது எல்லாம் அதில் இருக்கும் என்பதால் காலண்டரின் பெரிய குறையும் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கம் வைக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆண்டுத் தொடக்கத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களைப் புதுத் தொடக்கம் தடுமாற வைக்கக் கூடும் என்று டாய் 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சொல்கிறது. அக்டோபரிலிருந்து ஒரு பழக்கம் ஒழுங்காகப் போகிறது என்றால் ஜனவரி முதல் தேதி அதைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டாம். அந்த எண்ணிக்கையை அப்படியே தொடருங்கள்.

எதைத் தேர்வது

ஆண்டு சாதாரணமாகப் போனவர்கள் காலண்டரில் தொடங்குவது நல்லது. பன்னிரண்டு மாதக் குறிப்பை எடுத்த பிறகு ஒரே ஒரு முயற்சியை ராணுவக் கேள்விகளில் போட்டுப் பார்க்கலாம், அல்லது ஒரே ஓர் உறவை நைக்கான் கேள்விகளில். அதற்கு அப்புறம்தான் இலக்குப் பட்டியல். அப்போது ஒவ்வொரு வரியையும் படிக்கையில் அதன் பின்னால் என்ன நடந்தது என்பது கையில் இருக்கும். அடையாத இலக்குகள் அங்கே மூன்றாகப் பிரியும். சில, சூழ்நிலை அனுமதிக்காதவை. சில, எழுதிய விதம் சரியில்லாதவை. மூன்றாவது வகை, உண்மையில் நமக்கு வேண்டாதவை, யாரோ நினைத்ததால் நாமும் எழுதியவை. இந்தக் கடைசி வகையைத் தைரியமாக அடித்துவிட வேண்டும். நான்கு ஆண்டாகத் தொடர்ந்து பட்டியலில் வரும் ஓர் இலக்கு அநேகமாக இந்த வகைதான்.

ஆண்டு கனமாகப் போனவர்களுக்குப் பட்டியலும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம். வெற்றுத்தாள், அல்லது நம்பிக்கையான ஒருவர். இலக்கு வைப்பதைப் பிப்ரவரிக்கோ அதற்கு அப்பாலோ தள்ளலாம்.

பாடம் என்று எதை எழுதினாலும் அதைச் சூழ்நிலையோடு சேர்த்து எழுதுவது முக்கியம். 'பொறுமையாக இருக்க வேண்டும்' என்பது எல்லா ஆண்டும் எழுதலாம், எந்த ஆண்டும் உதவாது. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப மாணவர்களைக் கேட்டார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன கெடுவுக்குள் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பாடத்தை இப்படி எழுதலாம்: 'மாலை ஆறு மணிக்கு மேல் கோபமூட்டும் மின்னஞ்சல் வந்தால், பதிலை மறுநாள் காலையில்தான் எழுதுவேன்.' இப்படி இரண்டோ மூன்றோ போதும். அந்தத் தாளைப் பிப்ரவரி நடுவில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை திறக்கும்படி இன்றே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

அரை நாளெல்லாம் கிடைக்காது, இருபது நிமிடம்தான் என்பவர்கள் போட்டோக்களை மட்டும் ஜனவரியிலிருந்து புரட்டி, மாதத்துக்கு ஒரு வரி எழுதலாம். ஜூன் வரைதான் முடிந்தது என்றால் அங்கேயே நிறுத்தி, மீதி ஆறு மாதத்தை அடுத்த நாள் பார்க்கலாம்.